உம்மாவின் காலும் கராம்பு எண்ணெய்யும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். உம்மாவிடம் கேட்டு, அவர் "எழுதுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறோம்.

சென்ற கிழமை ஒரு வலீமாவில் தெரிந்த சகோதரி ஒருவர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, செருப்பைக் கழற்றிக் கால் விரலிடுக்கைக் காட்டினார். வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து, நடுவில் ஒரு வெடிப்பு. "உங்க உம்மாக்கும் இதுக்கு எண்ணெய் போட்டீங்களாமே, எந்த எண்ணெய்?" என்று கேட்டார். போட்டது உண்மை. அதற்குப் பிறகு நடந்த கதை மட்டும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஊரில் செய்தி பாதியாகத்தான் பயணம் செய்யும் போலிருக்கிறது. மீதிப் பாதியை எழுதுவது எங்கள் கடமை.

சேற்றுப்புண் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. தென்மேல் பருவமழை தொடங்கினால் கடுகண்ணாவையில் துணி காய நாலு நாள். கணவாயில் மூடுபனி இறங்கினால் வீட்டுச் சுவரே வியர்க்கும். பிள்ளைகள் நனைந்த சப்பாத்தோடு பாடசாலைக்கு வந்து, பாடசாலை விடும் வரைக்கும் அதே ஈரக் காலுறையோடு வகுப்பில் இருக்கிறார்கள். பெரியவர்கள் ஐந்து நேரமும் வுளூ செய்து, கால் காயாமலே செருப்புக்குள் காலை விடுகிறோம். பங்கசுக்கு வேண்டியதெல்லாம் ஈரம், இளஞ்சூடு, மூடிய இடம், கொஞ்சம் செத்த தோல். நான்காம் விரலுக்கும் சின்ன விரலுக்கும் இடையில் இவை நான்கும் ஒன்றாகக் கிடைக்கும். அதனால்தான் அநேகமானோருக்கு அந்த இடுக்கிலேயே ஆரம்பிக்கிறது.

எங்கள் உம்மாவுக்கு வயது அறுபத்தேழு. சீனி வருத்தம் பதினைந்து வருடமாக இருக்கிறது. மாத்திரை ஒழுங்காகப் போடுவார், கிளினிக்குக்கும் போவார். காலைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அவரும் காட்டுவதில்லை. பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்துச் சொத்தையாகிப் போனதை "வயசுக்கு வாறது" என்று சொல்லிவிட்டார், நாங்களும் விட்டுவிட்டோம். சென்ற வருட மழையில் விரலிடுக்கில் அரிப்பு வந்ததும்தான் பேச்சு எழுந்தது.

அந்த நேரம் பார்த்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கராம்பு எண்ணெய், கறுவா எண்ணெய், ரீ ட்ரீ ஒயில், இவற்றில் எதைப் பூசினாலும் பங்கசு வேரோடு போய்விடும், டொக்டர்மார் இதை மறைக்கிறார்கள் என்று ஒருவர் ஆணித்தரமாகப் பேசினார். கராம்பு எண்ணெய்க்கு நாங்கள் எங்கே போக வேண்டும்? மாவனல்லையிலிருந்து மேலே ஏறும்போது கொழும்பு - கண்டி வீதியின் இரு பக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அப்படி ஒரு தோட்டத்தில் வாங்கிய சின்னப் போத்தல் அலுமாரியில் ஏற்கெனவே இருந்தது. போத்தலில் பிழை இல்லை, விற்றவரிலும் பிழை இல்லை. காலில் பூசு என்று அவர் சொல்லவும் இல்லை. பிழை முழுக்க எங்களுடையது.

எங்கள் வீட்டில் ஒருவர் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். ஒன்பதாம் தரத்துக்கு நுண்ணங்கிகள் பாடம் எடுப்பவரின் வீட்டில்தான் இது நடந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

இஷாவுக்குப் பிறகு உம்மாவின் காலைக் கழுவி, பஞ்சில் எண்ணெய் நனைத்து விரலிடுக்கெல்லாம் பூசினோம். எதுவும் கலக்காத, அப்படியே போத்தலில் இருந்த எண்ணெய். முதல் நாள் பயந்து பயந்துதான் பூசினோம்.

"எரியுதா உம்மா?"

"ஒண்டும் எரியல்ல மகள். நல்லா ஈக்கி."

இந்தப் பதில்தான் எங்களை ஏமாற்றியது. எரியவில்லை என்றால் மென்மையான மருந்து, இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது என்று எடுத்துக்கொண்டோம். விரிப்பில் எண்ணெய் படியும் என்று மேலே காலுறையும் போட்டுவிட்டோம். இப்படி ஒன்பது இரவு.

பத்தாம் நாள் காலை காலுறை கழரவில்லை, ஒட்டிப் பிடித்திருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்தபோது இடுக்கில் தோலே இல்லை. சிவந்த பச்சைப் புண், ஒரு மாதிரியான வாடை, புறங்கால் வரைக்கும் வீக்கம். பின்னேரம் காய்ச்சலும் வந்தது. தங்கச்சிக்கு அப்போதும் நம்ப முடியவில்லை. அந்த எண்ணெயில் ஒரு துளியைத் தன் சொந்த விரலிடுக்கில் விட்டுப் பார்த்தாள். அவளுக்கும் மழைக்கு அங்கே லேசாக வெடித்திருந்தது. ஒரு நிமிடம் போகவில்லை, குழாயடிக்கு ஓடினாள். எண்ணெய் தண்ணீரில் போகாது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். அவளுக்கு அப்படி எரிந்தது. உம்மாவுக்கு ஒன்பது நாள் எரியவில்லை.

வைத்தியசாலையில் வோர்ட்டில் இருந்த இளம் டொக்டர் மிஸ் பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். நுனியில் மீன்பிடி நைலோன் நூல் போல ஒரு மெல்லிய இழை. அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையுமாம். உம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, "படும்போது சொல்லுங்கள்" என்றார். பெருவிரல், பாதத்தின் பந்து, குதிகால் என்று ஒவ்வோர் இடமாக நூல் வளைந்தது. உம்மா கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். கொஞ்சம் நேரம் கழித்து, "இன்னும் தொடங்கல்லயா?" என்று எங்களைக் கேட்டார்.

அப்போது முடிந்திருந்தது.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. பதினைந்து வருடச் சீனி கால் நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கச் செய்திருக்கிறது. பலருக்கு இதற்கு வலி இல்லை, அறிகுறி இல்லை. சிலருக்கு எறும்பு ஊர்வது போல இருக்கும், சிலருக்கு அதுவும் இல்லை. உணர்வு போன காலில் "எரியுதா?" என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். கராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினோல் என்ற பொருள். பல்லுக்குத்துக்கு அதை வைப்பது ஏன்? அது மரக்கச் செய்யும். உணர்வு உள்ள காலிலும் முதல் எரிச்சலுக்குப் பிறகு வலியை மூடி மறைத்துவிடக் கூடியது.

எட்டு நாள் வோர்ட்டில் இருந்தோம். ஊசி மருந்து, தினமும் புண் கட்டுதல். மூன்றாம் நாள் "சின்ன விரலை எடுக்க வேண்டி வரலாம்" என்ற பேச்சும் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், விரல் மிஞ்சியது. டொக்டர் மிஸ் எங்களை ஏசவில்லை. பங்கசு வெடிப்பு என்பது ஒரு திறந்த கதவு, அதன் வழியாக பக்டீரியா நுழையும், சீனி உள்ள காலில் அது வேகமாகப் பரவும், நீங்கள் அந்தக் கதவைச் சுட்டுப் பெரிதாக்கிவிட்டீர்கள் என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

உம்மாவின் பெரிய கவலை வேறு. கட்டுப் போட்ட காலோடு வுளூ எப்படி? முதல் நாள் இரவே யாரும் பார்க்காத நேரம் கட்டை நனைத்துவிட்டார். மிஸிமார் கோபித்தார்கள், உம்மா அழுதார். ஊர் மௌலவிக்குப் போன் எடுத்து உம்மாவின் காதில் வைத்தோம். காயத்தில் தண்ணீர் படக்கூடாது என்று வைத்தியர் சொன்னால் மார்க்கத்தில் அதற்குச் சலுகை உண்டு, அந்தச் சலுகையை எடுப்பது குறை அல்ல என்று அவர் நிதானமாக விளக்கி, எப்படிச் செய்வதென்றும் சொல்லிக் கொடுத்தார். நாங்கள் சொன்னால் கேட்காதவர் அதற்குப் பிறகு கட்டை நனைக்கவில்லை. வயதானவர்கள் வீட்டில் இருந்தால் டொக்டரோடு சேர்த்து மௌலவியின் இலக்கத்தையும் கைவசம் வைத்திருங்கள்.

சரி, அப்படியானால் இந்த எண்ணெய்கள் எல்லாம் பொய்யா? வீட்டுக்கு வந்த பிறகு, வெட்கத்தில்தான், கொஞ்சம் படித்துப் பார்த்தோம். முழுக்கப் பொய் இல்லை. அதனால்தான் ஆபத்து.

ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டில் கராம்பு, கறுவா எண்ணெய்கள் பங்கசைக் கொல்வது உண்மை. ஆனால் தட்டு வேறு, கால் வேறு. ஒரு சொட்டு பிளீச் விட்டாலும் தட்டில் பங்கசு சாகும், அதற்காக யாரும் பிளீச்சில் கால் வைப்பதில்லை. மனிதர்களின் காலில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த எண்ணெய் என்றால் முக்கியமாக ரீ ட்ரீ ஒயில்தான்.

இங்கே ஒரு சின்ன விலகல். எங்கள் பக்கத்தில் பலர் இதைத் தேயிலை எண்ணெய் என்று நினைக்கிறார்கள். ஒரு சகோதரர் தேயிலைக் கொழுந்தை அவித்துக் காலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்! 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அப்பால் லூல்கந்துரவில் நட்ட தேயிலைக்கும் இந்த எண்ணெய்க்கும் ஒரு சொந்தமும் இல்லை. இது அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வளரும் வேறு ஒரு மரம், மெலலூக்கா என்று பெயர். அங்குள்ள ஆதிவாசி மக்கள் அதன் இலையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1920களில் சிட்னியில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற இரசாயனவியலாளர் அதன் கிருமிகொல்லும் தன்மையை ஆராய்ந்து வெளியிட்ட பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது.

இந்த எண்ணெயை வைத்து 1992இல் 104 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 10 வீதம் ரீ ட்ரீ ஒயில் சேர்த்த கிறீம் அரிப்பையும் எரிச்சலையும் குறைத்தது, ஆனால் பங்கசைப் போக்குவதில் மருந்தில்லாத வெறும் கிறீமை விடப் பெரிதாக மேலாக இருக்கவில்லை. இந்த இடத்தில்தான் நாம் ஏமாறுகிறோம். அரிப்பு நின்றால் வருத்தம் போய்விட்டது என்று நினைப்போம், பங்கசோ உள்ளே இருக்கும். 2002இல் 158 பேரிடம் இன்னும் செறிவான 25, 50 வீதக் கரைசல்களை நான்கு கிழமை பூசிப் பார்த்தார்கள். 50 வீதக் கரைசல் பூசியவர்களில் 64 வீதமானோருக்கும், மருந்தில்லாத கரைசல் பூசியவர்களில் 31 வீதமானோருக்கும் பங்கசு போயிருந்தது. நல்ல முடிவுதான். ஆனால் அதே ஆய்வில் எண்ணெய் பூசிய நான்கு பேருக்குத் தோல் அழற்சி வந்தது, எண்ணெயை நிறுத்த வேண்டியதாயிற்று.

நகத்துக்கு? 1994இல் 117 பேர் ஆறு மாதம் தினமும் இரண்டு தடவை பூசினார்கள். ஒரு பகுதியினர் கலக்காத ரீ ட்ரீ ஒயில், மற்றவர்கள் குளோட்ரிமசோல் என்ற மருந்து. பரிசோதனையில் பங்கசு இல்லாமற்போனது முறையே 18 வீதம், 11 வீதம். "எண்ணெய் மருந்தை வென்றது" என்று இதைத்தான் வீடியோக்களில் சொல்கிறார்கள். நாங்கள் வாசித்தது வேறு விதமாக: இரண்டுமே தோற்றுப்போயின. நகம் என்பது கெரட்டின் தகடு. பங்கசு இருப்பது அதற்குக் கீழே. மேலே எதைப் பூசினாலும் உள்ளே இறங்குவது கடினம்.

இந்த ஆய்வுகளில் ஒன்றிலும் கராம்பு எண்ணெய் இல்லை, கறுவா எண்ணெய் இல்லை. கறுவாப் பட்டை எண்ணெயிலுள்ள சினமல்டிஹைட்டும் கராம்பிலுள்ள யூஜினோலும் தோல் ஒவ்வாமைக்குப் பெயர் போனவை. உலகம் முழுக்க ஏற்றுமதி செய்யும் நம் நாட்டுச் சரக்கு என்ற பெருமை எங்களுக்கும் உண்டு. புரியாணிக்குப் போடுங்கள், பெருமையோடு போடுங்கள்.

இன்னும் பூசத்தான் வேண்டும் என்று நினைக்கும் சுகதேகிகளிடம் சொல்ல எங்களிடம் இருப்பது கொஞ்சம்தான். சீனி வருத்தம் இருந்தால், காலில் உணர்வு குறைந்திருந்தால், இரத்த ஓட்டம் குறைவாக இருந்தால், வெடிப்போ புண்ணோ இருந்தால் வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கும் வேண்டாம். கலக்காமல் பூசாதீர்கள், பூசிய இடத்தை மூடிக் கட்டாதீர்கள். முதலில் கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டு இரண்டு நாள் பாருங்கள். ஜன்னலோரம் மாதக்கணக்கில் திறந்து மூடிய பழைய போத்தலை எறிந்துவிடுங்கள், காற்றும் வெளிச்சமும் பட்ட ரீ ட்ரீ ஒயில் ஒவ்வாமையைக் கூட்டும். போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கராம்பு எண்ணெயோ யூகலிப்டஸ் தைலமோ ஒரு சிறு பிள்ளை கொஞ்சம் குடித்தாலே வலிப்பு வரை போகலாம்.

அந்தச் சகோதரிக்கு நாங்கள் சொன்னது இதைவிடச் சுருக்கம்: முதலில் அது பங்கசுதானா என்று பாருங்கள். விரலிடுக்கில் வரும் எல்லாம் பங்கசு அல்ல, சில பக்டீரியா, சில கரப்பான். தோலைக் கொஞ்சம் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெரிந்துவிடும். அரச வைத்தியசாலையில் காசும் இல்லை. தோலில் மட்டும் என்றால் டேர்பினாஃபைன் கிறீம் ஒன்று இரண்டு கிழமையிலும், குளோட்ரிமசோல் நாலு கிழமை அளவிலும் பெரும்பாலும் வேலை செய்யும், அரிப்பு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை பூசினால். பாமசியில் கேட்டு "கூட்டு கிறீம்" வாங்காதீர்கள். ஸ்டீரொயிட் கலந்த அந்த வகைக் கிறீம்கள் இரண்டு நாளில் அரிப்பை நிறுத்தும், பங்கசை வளர்க்கும். இந்தியாவில் கடந்த சில வருடங்களாக மருந்துக்கு மசியாத படர்தாமரை பரவியதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

வீட்டில் மாற்றியது ஒரு பெரிய விஷயமும் இல்லை. வாப்பாவின் பழைய சாரங்களைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டி, குழாயடியில் ஆளுக்கொன்றாகத் தொங்கவிட்டிருக்கிறோம். வுளூ செய்யும்போது விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவ நமக்குச் சின்ன வயதிலேயே பழக்கியிருக்கிறார்கள். கோதிக் கழுவிய அதே இடத்தைத் துடைப்பதுதான் நாம் விட்ட வேலை. துண்டுகளைத் தினமும் கொதிநீரில் போடுகிறோம். பள்ளிவாசல் ஹவுலடியில் கிடக்கும் பொதுச் செருப்பைப் பற்றி நிர்வாகத்தினரிடம் பேசினோம். கேட்டுக்கொண்டார்கள், பார்ப்போம். பாடசாலையில் ஈரச் சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி வைக்கப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தோம். இரண்டாவது சோடி வாங்க எல்லோராலும் முடியாது. காலை வரைக்கும் தாள் ஈரத்தை உறிஞ்சும், அடுப்படிப் பக்கம் வைத்தால் இன்னும் நல்லம்.

புண் ஆறிய பிறகு உம்மாவின் நகத்தையும் பார்த்தார்கள். ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை செய்து, 12 கிழமைக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை முடிந்து மாதங்களாகிவிட்டன. கால் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர்தான் வளருமாம், பெருவிரல் நகம் முழுக்கப் புதிதாக ஒரு வருடத்துக்கு மேல். அடியிலிருந்து சுத்தமான இளஞ்சிவப்பு நகம் இப்போது பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கிறது. அதற்கு மேலே பழைய மஞ்சள்.

இப்போதும் இஷாவுக்குப் பிறகு உம்மா கட்டிலில் கால் நீட்டி உட்காருவார். தங்கச்சி போனின் டோர்ச்சை அடித்து விரல் விரலாக விரித்து, பாதத்தின் அடியையும் பார்ப்பாள். தொட்டால் தெரியாது என்று அறிந்தும், "எங்க தொடுறேன் செல்லுங்க" என்று கேட்பாள். உம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓர் இடத்தைச் சொல்வார். சில நாள் சரியாக இருக்கும். அன்றைக்கு எட்டிப் பார்த்துச் சொன்னாரா என்று நாங்கள் கேட்பதில்லை.